தையில் காய்ந்த மரம் கார்த்திகையிலேயே செத்திருக்கும்

கேள்வி: எங்கள் மனைப்பிரிவு திருச்சி புறநகரில் இருக்கிறது. முன்பு உய்யக்கொண்டான் வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த நஞ்சை. மனை போட்டபோது 2 அடிக்கு கிராவல் கொட்டி மேடாக்கினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில், குடியிருப்போர் சங்கம் சார்பில் 40 கன்றுகள் நட்டோம். சரக்கொன்றை, பூமருது, தபேபுயா மூன்றும் கலந்து. 3 அடிக் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் நிரப்பி, முறையாகத்தான் செய்தோம். எல்லாம் ஆள் உயரத்தைத் தாண்டி நன்றாக வந்தன. பொங்கல் கழித்து இரண்டே வாரத்தில் 11 மரங்கள் திடீரென்று காய்ந்துவிட்டன. கிழக்குத் தெருவில் வரிசையாக 7 கொன்றைகள். அதே வரிசையில் இடையே நிற்கும் 2 பூமருதுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூங்காவில் 3 தபேபுயா. நுழைவாயில் அருகே, திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் நட்ட பூமருது ஒன்று. வாட ஆரம்பித்ததும் ஒரு வேளை விட்ட தண்ணீரை இரண்டு வேளையாக்கினோம், பயனில்லை. நர்சரிக்காரர் வேரழுகல் என்று மருந்து தருகிறார். தோட்டக்காரர் கரையான் என்கிறார். யாரோ ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று சங்கத்தில் சிலர் கேமரா பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். செத்ததைப் பிடுங்க ஞாயிற்றுக்கிழமைக்கு ஜேசிபி சொல்லியிருக்கிறோம். மீதி 29 மரங்களைக் காப்பாற்ற என்ன மருந்து ஊற்றலாம்? படங்கள் இணைத்திருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

அன்புள்ள ஐயா,

முதல் வேலையாக அந்த ஜேசிபியை நிறுத்துங்கள். இந்தத் தொழிலில் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். மரம் செத்ததும் பெயர்த்து லாரியில் ஏற்றி, குழியையும் மூடி, அதன் மேல் புதுக் கன்றும் வைத்துவிட்டு, அப்புறம் போன் செய்து "ஏன் சார் செத்தது?" என்பார்கள். எரித்து முடித்த பிறகு பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் யார் என்ன செய்ய முடியும்? உங்கள் கேள்விக்கான பதில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கடப்பாரையும் மண்வெட்டியும் பிடிக்க நிதானமான ஆள் ஒருவர் போதும்.

மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைக்கு எதுவும் ஊற்ற வேண்டாம். நீங்கள் கேட்டதோ மருந்து, நான் சொல்லப்போவதோ தோண்டும் வேலை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

"திடீரென்று காய்ந்துவிட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ந்தது திடீரென்றுதான், சந்தேகமில்லை. ஆனால் சாவு அப்போது வந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து மண் நனைந்து கிடக்கும், வானம் மூடியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அந்த நாட்களில் இலையிலிருந்து ஆவியாகிற தண்ணீர் குறைவு. வேரில் முக்கால்வாசி அழுகிப்போனாலும் மிச்சமிருக்கும் கால்வாசியும், தண்டில் இருக்கும் ஈரமும் இலையைப் பச்சையாகவே வைத்திருக்கும். பார்க்கிறவருக்கு மரம் நன்றாக இருக்கிற மாதிரியே தெரியும். பொங்கல் தாண்டி வெயில் உறைக்க ஆரம்பித்ததும் இலை தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. பத்து நாளில் மொத்த மரமும் ஒரே நேரத்தில் காய்ந்து நிற்கும். தையில் நீங்கள் பார்த்தது கார்த்திகையில் நடந்து முடிந்த விஷயம். அதனால் பொங்கலுக்குப் பிறகான கேமரா பதிவில் எதுவும் கிடைக்காது.

உங்கள் படங்களில் எனக்கு மிகவும் உதவியது இலைகள்தான். பழுப்பாகச் சுருண்டு, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் இலையை உதிர்ப்பதற்கு உயிர் வேண்டும். காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பை உண்டாக்கி, இலையைத் தானாகக் கழற்றிவிடுவது மரம் செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்ய அவகாசம் இல்லாமல் தண்ணீர் அடியோடு நின்றுபோனால்தான் காய்ந்த இலை அப்படியே தொங்கும். இதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். உயிரோடிருக்கும் கொன்றைகளும் தபேபுயாக்களும் இன்னும் சில வாரங்களில் இலையைக் கொட்டும். அது அவற்றின் இயல்பு. மொட்டையாக நின்று, கோடையில் பூக்கும். மாசியில் மொட்டையாக நின்ற கொன்றையைச் செத்துவிட்டதென்று வெட்டிப் போட்ட ஒரு குடியிருப்புக்கு நான் போயிருக்கிறேன். வெட்டிய கட்டையில் பச்சை தெரிந்தது. சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமுமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் கீழே இறங்கி இன்னொரு இடத்தில் சுரண்டுங்கள். நுனியில் மட்டும் செத்திருக்கிறதா, அடிவரை செத்திருக்கிறதா என்பது அப்படித் தெரிந்துவிடும்.

நுனி என்றதும் வேம்பு நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் வேப்பமரங்கள் தீய்ந்த மாதிரி நுனி கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சாணமும் சேர்ந்து செய்கிற வேலை. அங்கே நோய் கிளை நுனியில் தொடங்கிக் கீழே இறங்கும், பெரும்பாலான மரங்கள் கோடைக்குள் துளிர்த்துவிடும். உங்களுடையது அந்த வகையில்லை. மொத்த மரமும் ஒரே நேரத்தில் காய்ந்தால் கோளாறு வேரிலோ அடிமரத்திலோ இருக்கிறது. மேலே தெளிக்கிற எதுவும் வீண்.

அடுத்து, யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்ற கணக்கு. ஆசிட் ஊற்ற வந்தவன் 7 கொன்றையை மட்டும் பொறுக்கி எடுத்து, நடுவில் நின்ற 2 பூமருதை விட்டுவிட்டா போவான்? ஒரே வரிசை, ஒரே நர்சரி, ஒரே நாள் நட்டது, ஒரே தண்ணீர். ஒரு இனம் செத்து இன்னொரு இனம் நிற்கிறதென்றால், அந்த இரண்டு இனத்துக்கும் எதில் வித்தியாசம் என்று கேட்க வேண்டும். பூமருது ஆற்றங்கரைகளில் வளரும் மரம், வேரடியில் ஈரம் நிற்பதை ஓரளவு தாங்கும். கொன்றை வறண்ட காட்டு மரம். தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும், தண்ணீரில் நிற்காது. கிழக்குத் தெருதான் உங்கள் மனைப்பிரிவில் தாழ்வான பக்கம் என்பது படத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடும் திசையைப் பார்த்தாலே தெரிகிறது.

உங்கள் நிலத்தின் பூர்வகதை இங்கேதான் வருகிறது. நெல் வயலை ஆண்டுக்கணக்கில் தொளி உழவு உழுதிருப்பார்கள். சேற்றைக் குழைத்துக் குழைத்து, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி, ஓர் அடித்தட்டு உருவாகியிருக்கும். விட்ட தண்ணீர் வயலில் நிற்க வேண்டும் என்பதற்காக விவசாயி வேண்டுமென்றே செய்த வேலை அது. வயல் போய் மனை வந்தாலும் அந்தத் தட்டு எங்கும் போகவில்லை. அதன் மேல் 2 அடி கிராவல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். மழைத்தண்ணீர் கிராவலில் சுலபமாக இறங்கி, தட்டை முட்டியதும் அதன் மேலேயே சரிவாக நகரும். வழியில் எங்கே பள்ளம் கிடைக்கிறதோ அங்கே விழும். நீங்கள் 3 அடிக்குத் தோண்டி, தளர்வான செம்மண்ணும் மணலும் போட்ட குழிகள்தான் அந்தப் பள்ளம். கிராவலுக்குக் கீழே சுற்றிலும் வயலின் களி, நடுவில் பொலபொலவென்ற மண். கிணறு வெட்டி அதற்குள் மரத்தை நட்ட கதை. 3 அடிக் குழி, செம்மண், மணல், எரு என்பது காலங்காலமாக எல்லோரும் சொல்கிற முறை. செம்மண் நிலத்துக்கு அது சரி. களிமண்ணில் அதையே நான் எதிர்ப்பேன். இதைச் சொல்லிப் பல தோட்டக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றை அது எடுத்துக்கொள்கிறது. அந்த இடமெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால், நம் ஊர்ச் சூட்டில் ஓரிரு நாளில் பிராணவாயு தீர்ந்துவிடும். அப்புறம் வேர் அழுகும். வேர் அழுகினால் இலைக்குத் தண்ணீர் போகாது, இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் நாம் தண்ணீரை இரண்டு வேளையாக்குகிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை ஐயா, தண்ணீர் இல்லாமல் வாடுவதும் தண்ணீரில் மூழ்கி வாடுவதும் இலையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதெல்லாம் படத்தையும் கடிதத்தையும் வைத்து நான் போட்ட கணக்கு. சரியா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். செத்த கொன்றை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு பக்கமாக மண்ணை வெட்டி இறங்குங்கள். இரண்டரை அடியில் மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் அங்கே தண்ணீர் வெகுநாள் நின்றிருக்கிறது. பென்சில் கனமுள்ள வேர் ஒன்றை எடுத்து விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் உறை மாதிரி கழன்று நடுவில் நரம்பு மட்டும் மிஞ்சினால் வேரழுகல். அந்த வகையில் நர்சரிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அழுகலில் பூஞ்சாணமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் கதவைத் திறந்துவிட்டது தேங்கிய தண்ணீர். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினால் செத்த வேர் திரும்ப முளைக்காது, தண்ணீரும் வடியாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வரிசைக்கு மருந்து எழுதிக் கொடுத்து, மூன்று முறை ஊற்ற வைத்து, ஒரு மரத்தைக்கூடக் காப்பாற்றாமல் திரும்பியிருக்கிறேன். ஊற்றிய மருந்தும் தண்ணீரோடு தண்ணீராய் அந்தக் குழியிலேயே நின்றது.

பூங்காவின் 3 தபேபுயாவுக்கு இந்தக் காரணம் பொருந்தவில்லை. பூங்கா மேடான இடம், புல் அழகாக இருக்கிறது. அந்தப் புல்தான் பிரச்சினை. உங்கள் நாலாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கணுக்கால் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரிந்து ஒரு வளையம், அதற்கு மேலே உதடு மாதிரி ஒரு தடிப்பு. புல் வெட்டும் பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு செய்த வேலை. தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறும். இலை சமைத்த சாப்பாடோ பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். பட்டையை மட்டும் சுற்றிலும் வெட்டிவிட்டால் தண்ணீர் தொடர்ந்து ஏறும், மேலே எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். வேர் மட்டும் பட்டினி கிடக்கும். சேமிப்பு தீரும்வரை மாதக்கணக்கில் சமாளித்து, ஒருநாள் கைவிடும். அந்த உதடு, இறங்க வழியில்லாமல் தேங்கிய சாப்பாட்டில் தடித்தது. காயம் பழசு என்பதற்கு அதுவே சாட்சி. மழைக்காலத்தில் புல் வேகமாக வளர்ந்து, அடிக்கடி வெட்டியிருப்பார்கள். கொன்றைகளும் இவையும் ஒரே நேரத்தில் காய்ந்ததற்கு, இரண்டையும் சோதித்த வெயில் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. 11 சாவுக்கும் ஒரே காரணத்தைத் தேடியதால்தான் சங்கத்தில் இத்தனை குழப்பம்.

நுழைவாயில் பூமருது தனிக்கதை. "ஆட்டினால் அடிமரம் மண்ணோடு ஆடுகிறது" என்று அந்தப் படத்துக்கு அடியில் குறித்திருக்கிறீர்கள். இரண்டு வருடம் மண்ணில் நின்ற மரம் அப்படி ஆடக் கூடாது. விழாவுக்காகவே பெரிய கன்றாக வாங்கியிருப்பீர்கள். சின்னப் பையில் பெரிய கன்று என்றால் நர்சரியில் அது அதிக நாள் கிடந்திருக்கிறது, வேர் பைக்குள்ளேயே வட்டம் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். விழாவில் புகைப்படக்காரர் அவசரப்படுத்துவார், விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கும், பையைப் பேருக்குக் கீறி அப்படியே இறக்கிவிடுவார்கள். அடிமரத்தருகே கறுப்பாக எட்டிப் பார்ப்பது பாலித்தீன் ஓரம் என்றுதான் நினைக்கிறேன். தோண்டினால் பை வடிவத்திலேயே வேர்ப்பந்து வெளியே வரும் பாருங்கள். நான் பார்த்த வரையில் விருந்தினர் நட்ட மரங்களுக்குத்தான் ஆயுள் குறைவு.

கரையானை மறந்துவிடவில்லை. காய்ந்த செம்மண்ணில், முதல் கோடையில், கரையான் இளங்கன்றின் வேரைத் தின்று கொன்றுவிடுவதுண்டு. ஆனால் உங்கள் மரங்களில் புற்றுமண் ஏறியிருப்பது செத்த பட்டை மேல். செத்த கட்டையைத் தின்ன வந்த கூட்டம் அது.

சரி, மீதி 29க்கு வருவோம். படத்தில் தெரிகிற எல்லா மரத்துக்கும் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கூம்பாக அணைத்திருக்கிறீர்கள். அதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அடிமரம் வேராக விரிகிற கழுத்துப் பகுதி வெளிக்காற்றில் இருக்க வேண்டும், மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகும். கம்பு கட்டிய கம்பியோ கயிறோ பட்டைக்குள் இறங்கியிருந்தால் அறுத்துவிடுங்கள். மரத்தைச் சுற்றி 3 அடி அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். சருகு அடிமரத்தைத் தொடக் கூடாது. அந்த வட்டத்துக்குள் இயந்திரம் வரவே கூடாது. பூங்காவில் மற்ற மரங்களின் கணுக்காலையும் பாருங்கள். சுற்றளவில் கால்வாசிக்குள் காயம் இருந்தால் தேறிவிடும், பாதியைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை குறைவு. தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் விரலால் தோண்டி மண் உலர்ந்திருந்தால் மட்டும், நன்றாக இறங்கும்படி ஒரு முறை விடுங்கள். யூரியா, தொழுவுரம் எதையும் நோஞ்சான் மரத்துக்குப் போடாதீர்கள்.

கிழக்குத் தெருவில் தப்பியிருப்பவற்றின் குழியிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்கு, அடித்தட்டு மட்டத்துக்குக் கீழே ஒரு வடிகால் வெட்ட முடியுமா என்று மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த ஐப்பசிக்குள் வெட்டி, ஜல்லி போட்டு மூடிவிடுங்கள். முடியாவிட்டால் அங்கே இனி கொன்றை வேண்டாம். புதிதாக எதையும் நடுவதற்கு முன், கிராவலைத் தாண்டி அந்த அடித்தட்டு வரை சோதனைக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். அரை அங்குலம்கூட இறங்காத இடத்தில் குழியே தோண்டாதீர்கள். 5 அடி அகலத்துக்கு, ஒன்றரை அடி உயரத்தில் மேடு கட்டி, அதன் மேல் நீர்மருதோ புங்கனோ நடுங்கள். பையை முழுதாகக் கிழித்து எறிந்துவிட்டு, வட்டம் சுற்றிய வேரை நாலு பக்கமும் பிளேடால் மேலிருந்து கீழே கீறிவிட வேண்டும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. திருச்சியைச் சுற்றி, குறிப்பாக மணிகண்டம் பக்கம், களர்மண் அதிகம். களர் என்றால் மண் தண்ணீரில் கரைந்து துவாரங்களை அடைத்துக்கொள்ளும், வடிகால் இன்னும் மோசமாகும். கிழக்குத் தெரு மண்ணையும் உங்கள் போர்த் தண்ணீரையும் பரிசோதித்துவிடுங்கள். மண்ணின் கார அமில நிலை 8.5க்கு மேல் வந்தால் எனக்கு எழுதுங்கள், களரைச் சீராக்கப் போடும் ஜிப்சம் பற்றிப் பேசலாம். நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் உருவான இடம் அது, இந்த மண்ணை அவர்களுக்குப் பழக்கம். வேரழுகலில் எந்தப் பூஞ்சாணம் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், முழுதும் செத்த வேரைக் கொண்டுபோகாதீர்கள். பாதி வாடி இன்னும் உயிரிருக்கும் மரத்திலிருந்து, நல்ல பகுதியும் அழுகிய பகுதியும் சேர்ந்த வேர்த்துண்டைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து, வெயில் படாமல் அன்றைக்கே கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோண்டும்போது நர்சரிக்காரரையும் கேமரா பதிவு தேடுகிறவர்களையும் கூடவே நிற்கச் சொல்லுங்கள். வேரையும் நாற்றத்தையும் நேரில் பார்த்தால் அரை மணி நேரத்தில் பேச்சு அடங்கிவிடும். தோட்டக்காரரை மட்டும் யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புல்லை ஒட்ட வெட்டச் சொன்னது சங்கம்தான். மரத்தருகில் அரிவாளால் வெட்டு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தோண்டிய குழியின் படம், வேரின் படம், நுழைவாயில் மரத்தின் அடிப்பகுதி, மூன்றையும் அனுப்புங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.